திறந்தபடி பூஜையில் வைத்த லேப்டாப்

முதலில் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் லேப்டாப்பின் மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தது. இன்ன தேதியோடு இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான ஆதரவு முடிகிறது, புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்கள். நான் அதைக் கரண்ட் பில் கட்டாதவன் நோட்டீஸைப் படிப்பது போலப் படித்தேன். குறித்த தேதியில் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போவது மாதிரி, எங்கோ வெளிநாட்டில் ஒருவர் ஒரு சுவிட்சை அணைப்பார்; மயிலாப்பூரில் என் லேப்டாப் பொசுக்கென்று இருண்டுவிடும் என்று நம்பினேன். அரைகுறையாக இல்லை, மனதார நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன், பட்டம் வாங்கியவன், அக்கம்பக்கத்தாருக்கு வருமான வரி விவகாரங்களில் அறிவுரை சொல்லுகிறவன்.

இருண்டால் எனக்கொன்றும் பெரிய நஷ்டமில்லை. நான் அதில் செய்கிற வேலை, வந்த ஜோக்கைப் படித்துவிட்டு வராதவர்களுக்கு அனுப்பிவைப்பது. ஆனால் அந்த லேப்டாப்தான் என் மனைவியின் வகுப்பறை. அவள் வீணை சொல்லிக்கொடுக்கிறாள். ஊரடங்குக் காலத்தில் வேறு வழியில்லாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. மாணவிகள் எல்லாரும் இப்போது வெளியூர், வெளிநாடு. அந்த விஜயதசமிக்குச் சிங்கப்பூரில் ஒரு சிறுமி புதிதாகத் தொடங்குவதாக இருந்தது. சாதாரணச் சிறுமி இல்லை. அவளுடைய அம்மா எங்கள் அடுத்த தெருவில் வளர்ந்தவள். என் மனைவியிடம் வீணை கற்ற முதல் மாணவி. தான் தொடங்கிய அதே நாளில், அதே மாமியிடம், தன் மகளும் முதல் ஸ்வரம் வாசிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தஞ்சாவூரிலிருந்து ஒரு வீணை விமானம் ஏறிப் போயிருந்தது. குழந்தைக்குப் பள்ளியில் லீவு சொல்லியாகிவிட்டது. என் மனைவி இரண்டு மாதமாக அந்த ஒரு காலை வேளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பில் இருந்த தேதி விஜயதசமி முடிந்த கொஞ்ச நாளில் வந்தது. குழந்தை சரளி வரிசையின் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் வகுப்பறைக்கே சங்கு ஊதிவிடுவார்கள் என்று எனக்கு நடுக்கம்.

"விஜயதசமி முடியட்டுமே. அப்புறம் நிதானமா மாத்திக்கலாம்" என்றாள் அவள்.

"அப்புறம்னா கூட்டம் அலைமோதும். எல்லாரும் கடைசி நாள்ல வந்து நிப்பா."

"எங்கே வந்து நிப்பா? இதென்ன ரேஷன் கடையா?"

பதில் தெரியாததால் முடிவெடுத்தேன். விஜயதசமிக்கு முன்பே மாற்றுவது. அதையும் நானே மாற்றுவது. வேளச்சேரியில் என் அண்ணன் மகன் இருக்கிறான். பெருங்குடியில் ஏதோ கம்பெனியில் இதே வேலைதான் பார்க்கிறான். கூப்பிட்டால் வருவான். வந்ததும், "சித்தப்பா, செத்த நகருங்கோ" என்பான். சொந்த வீட்டில், சொந்த நாற்காலியிலிருந்து நகரச் சொல்லப்படுவது எனக்குப் பிடிக்காது. கூப்பிடவில்லை.

இந்த லேப்டாப்புக்குப் புதிய சிஸ்டம் ஏறுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நடத்தினேன். வரிசையாகச் சிவப்பு. இடம் போதாது, மெமரி போதாது, பாதுகாப்பு வசதி ஒன்று அணைந்து கிடக்கிறது. என் சொந்த ரத்தப் பரிசோதனையில்கூட இத்தனை சிவப்பு வந்ததில்லை. அணைந்து கிடந்த வசதியை, வீடியோவில் ஒருவர் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் விளக்கியதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நானே எழுப்பினேன். அந்த வெற்றியில் தலைக்கனம் ஏறியது. மீதிக்குக் கணினிச் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியிருந்தது.

மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலைகளைச் சுற்றி ஆட்டோவில் போனால் தீபாவளிக்குத்தான் போய்ச் சேருவோம் என்பதால், திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தேன். கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே வயது என்று நினைத்திருக்க வேண்டும்.

"இன்னா சார், இந்த மிஷினுக்கா புச்சு ஏத்தப் போற?"

"ஏன், ஏத்தக் கூடாதா?"

"ஏத்தலாம். எங்க தாத்தாவுக்குக்கூடத்தான் ஜீன்ஸ் மாட்டலாம். மாட்டிக்கினு நடப்பாரான்றதுதான் மேட்டரு."

"நடக்கும். நீங்க பெரிய டிஸ்கும் மெமரியும் போட்டு, பழசுல இருக்கறதை அதுல ஏத்துங்க."

"புச்சு லேப்டாப்பே கீது சார், எக்சேஞ்ச்ல எட்த்துக்கினு போ."

"வேண்டாம். இதையேதான் நடக்க வைக்கணும்."

"சர்தான் நைனா, நீ முடிவு பண்ட்ட. குந்து" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

அவர் சொன்ன விலைக்கு நான் முகத்தைக் கோணாமல் தலையாட்டினேன். நவராத்திரிக்கு ஒரு பட்டுப்புடவை என்று மனைவி பேச்செடுத்தபோது, "இந்த வருஷம் கொஞ்சம் கையைக் கடிக்கிறது" என்று சொன்ன அதே தலைதான். வீடு திரும்பியதும் அவள் பையைப் பார்த்தாள், பில்லைப் பார்த்தாள்.

"பரவாயில்லை. டிஸ்கைச் சுத்திண்டு கோவிலுக்குப் போயிட்டு வரேன்" என்றாள்.

அடுத்தது, இருப்பதையெல்லாம் பத்திரப்படுத்துவது. சிஸ்டம் மாற்றும்போது எல்லாம் அழிந்துபோகலாம் என்று அந்த அவசர வீடியோக்காரர் பயமுறுத்தியிருந்தார். அகப்பட்ட பென் டிரைவிலெல்லாம் காப்பி எடுத்தேன். பென் டிரைவும் அழிந்தால்? என் செல்போனில் ஒரு காப்பி. செல்போன் தொலைந்தால்? மனைவியின் செல்போனிலும் ஒன்று. அவளுடைய வகுப்புப் பதிவுகள், கல்யாணப் போட்டோக்கள், எப்போதோ கட்டி முடித்த கேஸ் பில், யாரோ அனுப்பிய குட் மார்னிங் ரோஜாக்கள், எல்லாம். இரண்டு போன்களும் சாப்பாட்டுப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கியவர்கள் போல அசையமுடியாமல் கிடந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கே வினையாக வந்தது.

இதற்கிடையில் மாடி மாமாவை எச்சரிக்கப் போனேன். எங்கள் தலைக்கு நேர் மேல் வீட்டில் இருப்பவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், மகனும் பேத்தியும் அமெரிக்காவில். அவரிடம் இருந்த மேஜைக் கணினி என்னுடையதைவிடப் பழசு. மானிட்டரின் தலையில் கிளிப்பு மாதிரி ஒரு கேமரா. பகலெல்லாம் சீட்டாட்டம், ராத்திரி பேத்தியோடு பேச்சு, அதற்கு மேல் அந்தக் கணினிக்கு வேலை கிடையாது.

"மாமா, உங்க சிஸ்டத்துக்கும் ஆதரவு நிக்கப் போறது. உடனே மாத்தியாகணும்."

"எனக்கே ஆதரவு நின்னு ரொம்ப நாளாச்சுப்பா. நான் ஓடிண்டுதானே இருக்கேன்?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இஸ்பேட் ராணி எங்கேன்னு பாரு."

பாவம், இவருடைய கணினி இருளப் போகிறது என்று உள்ளுக்குள் அனுதாபப்பட்டுக்கொண்டே இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராகு காலம் முடியக் காத்திருந்து, நாலரை அடித்ததும் பொத்தானை அழுத்தினேன்.

"செவ்வாய்க்கிழமை யாராவது புதுசா ஒண்ணு ஆரம்பிப்பாளா?" என்றாள் மனைவி, கொலுவுக்குச் சுண்டல் தாளித்தபடி.

"இது புதுசு இல்லை. பழசைப் புதுப்பிக்கிறேன்."

"நாக்குக்கு மட்டும் அப்டேட்டே வேண்டாம்."

திரை நீலமானது. புள்ளிகள் வட்டமாகச் சுழன்றன. 'கணினியை அணைக்க வேண்டாம்' என்றது. கீழே ஒரு சதவீதம். அது ஆறில் ஏறி உட்கார்ந்தது. மழை பிடித்துக்கொண்டது, வலையிணைப்பு விட்டு விட்டு வந்தது. வெற்றிலை பாக்குக்கு வந்த மாமிகள் கொலுவைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் மேஜைமேல் சுழன்றுகொண்டிருந்த புள்ளிகளையும் பயபக்தியோடு பார்த்தார்கள்.

"இதென்ன, இந்த வருஷக் கொலுவோட தீமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமாம். எங்காத்து மாமாவோட தலையெழுத்து. சுத்திண்டே இருக்கும், எங்கேயும் போகாது" என்று என் மனைவி சுண்டலைக் கொடுத்தாள்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று உண்டு. வீணை, புத்தகங்கள், என் கணக்குப் பேனா, கூடவே சில வருஷங்களாக லேப்டாப்பும் பூஜைக்குப் போய்விடும். பட்டுத்துணி விரித்து, லேப்டாப்பை மூடி, மூடியின்மேல் சந்தனம் குங்குமம் இட்டு, அதற்குமேல் புத்தகங்களை அடுக்குவது வழக்கம். அன்று முழுக்கப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, வீணையைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபூஜை செய்து, எடுத்து, புதிதாகத் தொடங்க வேண்டும்.

அன்று காலை திரையில் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தது.

"இதை மூடிக் கொண்டாங்கோ, பூஜைக்கு வைக்கணும்."

"மூடப்படாது. மூடினா தூங்கிடும். பாதியில தூங்கினா எழுந்திருக்காதுன்னு வீடியோவில சொன்னான்."

"அப்போ பூஜைக்கு வைக்க வேண்டாமா?"

வைக்காமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை செலவழித்த பின் சரஸ்வதியையும் பகைத்துக்கொண்டால் யாரிடம் போவது? ஆகவே வரலாற்றிலேயே முதல் முறையாக லேப்டாப் வாயைத் திறந்தபடி பூஜைக்கு உட்கார்ந்தது. எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து ஒயர் பட்டுத்துணியின் அடியில் பாம்பு மாதிரி போயிற்று. மேலே புத்தகம் அடுக்க இடமில்லை. மூடியின் முதுகு சுவரைப் பார்த்திருந்ததால் சந்தனத்தை முன்பக்கமாகவே இட்டேன். திரையைச் சுற்றிய கருப்புச் சட்டத்தில் நான்கு மூலைக்கும் ஒரு பொட்டு, மேலே நட்ட நடுவில் கொஞ்சம் தாராளமாக ஒன்று, அதன்மேல் குங்குமம். அம்சமாக இருந்தது. கற்பூரம் காட்டும்போது நாற்பத்தொன்று நாற்பத்திரண்டானது. உடம்பு சிலிர்த்தது.

மத்தியானம் மெதுவாகப் பூஜையறைப் பக்கம் நடந்தேன்.

"என்ன பண்ணிண்டிருக்கேள்?"

"சும்மா, எத்தனை சதவீதம்னு..."

"இன்னிக்குப் படிக்கப்படாது."

"நம்பர் பார்க்கிறது படிப்புல சேராது."

"அப்போ கணக்குங்கறது என்ன, சமையலா?"

திரும்பி வந்தேன். ஆனால் தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல அந்தப் பக்கமாகவே அன்று பல தடவை போனேன். அவ்வளவு தண்ணீர் நான் எந்தக் கோடையிலும் குடித்ததில்லை. அது தானே அணைந்தது, தானே எழுந்தது, மறுபடி அணைந்தது. ஒவ்வொரு தடவை திரை கருத்தபோதும் சிங்கப்பூர்க் குழந்தை கண் முன்னால் வந்து நின்றது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரையில் ஒரு மலையும் ஏரியும் தோன்றின. ஏறிவிட்டது! எங்கள் தாத்தா ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். கடைக்காரருக்குப் போன் செய்து சொல்ல நினைத்தேன், போன் அசையவில்லை.

சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க வழியில்லை. தொடக் கூடாதே. மலையும் ஏரியும் விடியும்வரை சந்தனப் பொட்டுகளுக்கு நடுவில் சாந்தமாக இருந்தன.

விஜயதசமி காலை. மறுபூஜை முடிந்தது. மனைவி வீணையை எடுத்து ஒரு கீர்த்தனையின் பல்லவியை வாசித்தாள். நான் லேப்டாப்பைத் தூக்கி, பொட்டுகள் அழியாமல், பயபக்தியாக அவள் எதிரில் வைத்தேன். அழித்தால் அபசகுனம் என்று ஒரு நினைப்பு. எட்டு மணிக்குப் பாடம். அரை மணி இருந்தது.

புதிய சிஸ்டம் முதலில் நான் யார் என்று கேட்டது. சொன்னேன். நம்பவில்லை. செல்போனுக்கு ஓர் எண் அனுப்புகிறேன், அதைச் சொல் என்றது. செல்போன் பாயசத்திலிருந்து மீளவில்லை. ஒருவழியாக எண்ணைப் பிடுங்கிக் கொடுத்து உள்ளே போனால், எல்லாம் இடம் மாறியிருந்தன. இடது ஓரத்தில் இருந்த பொத்தான் நடுவுக்கு வந்துவிட்டது. தமிழ்த் தட்டச்சு எங்கே என்று தெரியவில்லை. பிரிண்டர் என்று ஒன்று இந்த வீட்டில் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. வாடகைக்கு விட்டவன் திரும்பி வந்து தன் வீட்டில் சமையலறையைத் தேடுகிற கதை. ஆனாலும் விடவில்லை. தேடித் தேடி வகுப்புச் செயலியைத் திறந்தேன். எட்டு மணிக்குச் சிங்கப்பூர் வந்தது. பட்டுப்பாவாடையில் குழந்தை, மடியில் ஏறாத வீணை, பின்னால் அம்மா.

"மாமி, நமஸ்காரம்! குரல் நன்னா கேக்கறது. ஆனா உங்களைத் தெரியலையே. அங்கே மழையா? ஒரே மஞ்சள் மூட்டமா இருக்கு."

எங்கள் பக்கப் படத்தைப் பார்த்தேன். மூட்டமேதான். மனைவியும் இல்லை, வீணையும் இல்லை. பழுப்பும் மஞ்சளுமாக ஒரு குழம்பு.

"கேமரா போயிடுத்து" என்றேன். "புது சிஸ்டம் கேமராவைத் தின்னுடுத்து."

"பாட்டி எங்கேம்மா?" என்றது குழந்தை.

"பாட்டியா?" என்றாள் மனைவி. அந்தச் சொல்லுக்கும் சேர்த்து என்னைத்தான் பார்த்தாள்.

அமைப்புகளுக்குள் புகுந்தேன். கேமராவுக்கு அனுமதி இருந்தது. அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். கேமராவை நீக்கினேன், சேர்த்தேன். நிறத்தை மாற்றினேன், மஞ்சள் மூட்டம் பச்சை மூட்டமானது. வியர்வை கீபோர்டில் சொட்டியது. 'பழைய பதிப்புக்குத் திரும்பு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதன்மேல் அம்பை வைத்தேன்.

"அதை அழுத்தினா எத்தனை நாழி ஆகும்?"

"தெரியாது."

"அப்போ கையை எடுங்கோ." செல்போனை நீட்டினாள். "இதுல போடுங்கோ."

போட்டேன். இரண்டு போனிலும் போட்டேன். நான் நிரப்பிவைத்த கல்யாணப் போட்டோக்களும் ரோஜாப் பூக்களும் மூச்சுவிட இடம் தரவில்லை. படம் உறைந்தது, குரல் அறுந்தது. குழந்தை வாயைத் திறந்தபடி சிலையாக நின்றது.

மனைவி எழுந்து, வீணையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"குடத்துப் பக்கம் நீங்க பிடியுங்கோ. மாடி மாமாவாத்துக்குப் போறோம்."

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. திரும்பும் படிகளில் வீணையைத் தூக்கிக்கொண்டு போவதென்பது, தூங்குகிற யானைக்குட்டியைத் தூளியோடு மாற்றுகிற வேலை. குடம் ஒரு தடவை கைப்பிடியில் இடிக்கப் பார்த்தது; நான் நடுவில் என் விலாவைக் கொடுத்தேன். வலித்தது. அந்தக் காலையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

கதவைத் திறந்த மாமா பனியனும் வேஷ்டியுமாக நின்றார். "ஆதரவு தேடி வந்திருக்கேளா?" என்றார். சட்டை மாட்டிக்கொண்டு, சீட்டாட்டத்தை மூடிவிட்டு, நாற்காலியை நகர்த்தித் தரையில் பாய் விரித்தார். சாதாரண அழைப்பில் சிங்கப்பூருக்கு விஷயத்தைச் சொன்னோம். பேத்தியோடு பேசுகிற வழியில் அவள் மாமாவின் கணினிக்கு வந்தாள். மானிட்டரின் தலையில் இருந்த கிளிப்புக் கேமராவை மாமா குனியவைத்தார். பழைய திரையில், பழைய சிஸ்டத்தில், என் மனைவி வீணையோடு பளிச்சென்று தெரிந்தாள்.

தூக்கிவந்ததில் தந்திகள் இறங்கியிருந்தன. நிதானமாகச் சுருதி சேர்த்தாள். அப்புறம் அவள் மீட்ட, அங்கே அந்தச் சின்ன விரல் தேடித் தேடித் தந்தியைத் தொட்டது. முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. ஸ. குழந்தையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேமராவை விட்டு நகர்ந்துவிட்டாள். என் மனைவி, "இன்னொரு தரம்" என்றாள்.

பாடம் முடிந்து வீணையோடு இறங்கி வந்தோம். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்தக் கேமராவை வென்றே தீருவது, இல்லாவிட்டால் ரிச்சி தெருவில் புதிதாக ஒன்று வாங்குவது என்று தோளை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி பூஜைச் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டே வந்தவள், ஈரத்துணியால் லேப்டாப் சட்டத்தில் இருந்த சந்தனத்தைத் துடைத்தாள். மூலைகள் முதலில். கடைசியாக நடுவில். திரையில் மூட்டம் விலகி, வாய் பிளந்த ஒரு முகம் தெளிவாகத் தெரிந்தது. என்னுடையதுதான்.

"கேமரா எங்கே இருக்குன்னு வீடியோவில சொல்லலையா?" என்றாள்.

சந்தனத்தை இட்டது நான் என்பதை அவள் இன்றுவரை எந்த மாமியிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

அந்தத் தேதியும் வந்தது. காலையிலேயே மாடிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் போனேன். மாமா காபி கொடுத்தார். நான் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடுங்கோ மாமா."

"என்னப்பா, ஏதோ ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திண்டிருக்கறாப்பல உக்காந்திருக்கே?"

பொத்தானை அழுத்தினார். ஆதரவு முடிகிறது என்றால், பாதுகாப்புத் திருத்தங்கள் இனிமேல் வராது என்று அர்த்தம். என்றைக்காவது மாற்றிக்கொள்வது நல்லது, அவ்வளவுதான். எந்த வெளிநாட்டிலும் யாரும் எந்தச் சுவிட்சையும் அணைக்கவில்லை. மாமாவின் கணினி, முந்தின நாள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, வழக்கம்போலத் திறந்தது. அவர் சீட்டைக் கலைத்தார்.